காளான் இடத்தை ஒளிப்பவர்

காளான் இடத்தை ஒளிப்பவர் என்றொரு இனம் உண்டு. இலையுதிர் காலத்தில் நாகானோ மலைப்பக்கம் வந்து பாருங்கள், காலில் இடறும். கூடையைக் கண்டு "எங்கே பறிச்சீங்க?" என்று கேட்டால் போதும், கிழக்கே போய் வந்தவர் மேற்கைக் காட்டுவார், மேற்கே போய் வந்தவர் வானத்தைக் காட்டுவார். பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்.

இந்த இனத்தில் பிறந்தவர் ஆராய்ச்சிக்காரரானால் என்ன ஆகும்? துகுவோ என்பவர் அப்படி ஆனார். நரம்பணுக்களைக் காக்கும் பொருள் ஏதாவது காளானில் இருக்கிறதா என்று பதினோரு ஆண்டுகளாகத் தேடுகிறவர். பறித்த ஒவ்வொன்றுக்கும் எடை, நாள், ஈரம் எல்லாவற்றையும் எறும்பு வரிசைபோல் சீட்டில் எழுதுவார். 'இடம்' என்ற கட்டம் வந்ததும் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாய்க்கு வந்ததை எழுதிவைப்பார்.

போன ஆண்டு பறித்தவற்றில் நூற்றுப் பதினேழாவது காளான் வேலை செய்தது. அதன் சாறு பட்டதும், நஞ்சு விட்ட நரம்பணுக்களில் பத்துக்கு எட்டு பிழைத்துக் கிடந்தன. ஆய்வுக்கூடமே துள்ளியது. அதற்குள் சாறு தீர்ந்தது. முதல் பனி விழுவதற்குள் இன்னொரு கூடை வேண்டும். இல்லையேல் ஓராண்டு காத்திருக்கவேண்டும். சீட்டை எடுத்தார். 'கோயிலுக்குப் பின்புறம்.'

ஓடினார். அங்கே மூங்கிலும் இரண்டு காப்பி டப்பாக்களும் இருந்தன. நான்கு நாள் தேடிய பிறகுதான், சீட்டை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்பது உறைத்தது. உண்மையான இடமோ மறந்தே போயிருந்தது.

வேறு வழி? மலையைக் கரைத்துக் குடித்த அக்கா ஹத்சுனோவின் வாசலில் போய் நின்றார்.

"அக்கா, கறுப்பா, ஓரம் மட்டும் மஞ்சளா ஒரு காளான்..."

"போன வருஷம் என் மரத்துலதான்டா கை வச்சே. பூட்ஸ் தடத்தைப் பாத்தேனே."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா பொய் சொல்லுவே. அதுக்கு எதுக்கு வாயை வலிக்க வைக்கணும்?"

"இடத்தைச் சொல்லுக்கா! மறதி நோய்க்காரங்களுக்கு மருந்தாகலாம்."

"மருந்துக்குக் காளான் போதும். இடம் எதுக்கு?"

"கட்டுரையில எழுதணும்."

"உக்காரு. டீ ஆறுது."

தனியே போனாள், மதியத்துக்குள் கூடை நிறையக் கொண்டுவந்தாள். மறுவாரமே பனி விழுந்தது. புதுச் சாற்றிலும் நரம்பணுக்கள் பிழைத்தன. துகுவோ அழாத குறை. கட்டுரை எழுத உட்கார்ந்து, கூடையில் அக்கா கட்டியிருந்த சீட்டைப் பிரித்தார். திருத்தமான கையெழுத்து, எடை, நாள், நேரம், ஒன்றும் விடுபடவில்லை.

இடம்: கோயிலுக்குப் பின்புறம்.

சிரிக்கிறீர்களா? பக்கத்து வீட்டார் உங்களிடம் ரசப்பொடிப் பக்குவம் கேட்டபோது, ஒரே ஒரு சாமானை மட்டும் சொல்லாமல் விட்டீர்களே, அது என்ன? வேண்டாம், நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவீர்களாக்கும்!