முதுகு நோகாத டிரெய்லர்

குலுக்கலைச் சோதிக்க ஏற்றி ஓட்டிய பன்னிரண்டு முட்டைகளில் ஒன்பது உடைந்துவிட்டன. டிரெய்லரின் பலகையெல்லாம் மஞ்சளாக வழிந்தது.

"லாரிப் பட்டைங்க பாய். அஞ்சு டன்னைத் தாங்கற ஸ்பிரிங்கு, ஒரு டஜன் முட்டைக்கு வளையுமுங்களா?" என்றார் பட்டறைக்காரர் கந்தவேல்.

"வளையோணுமுங்க. டிரெய்லர் குதிச்சா கொக்கி வழியா ஜீப்பும் குதிக்கும். ஜீப்புல உக்காரப் போறது யாரு?" என்று கேட்டார் நஸ்ருதீன்.

"மில்லு மேனேஜருங்க."

"அப்பப் பட்டையை உருவுங்க."

நஸ்ருதீனின் பனியன் கம்பெனியில் எட்டு மிஷின்கள். ஒன்பது நாளாக நூல் இல்லாமல் எட்டும் நின்றன. வேலையாட்கள் தினமும் வந்து, நின்றுபோன மிஷினைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் நாலு நாள் போனால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் மிஷின்களையும் விற்க வேண்டியதுதான். மில்லின் மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி சனிக்கிழமை வருகிறார். ஒதுக்கீட்டுத் தாளில் அவர் கையெழுத்து விழுந்தால் நூல் வரும்.

வருவதற்கு முன் அவர் கடிதம் எழுதியிருந்தார். 'என்னால் தங்களுக்குச் சிரமம் வேண்டாம். காடு மேடு எனக்குப் பழக்கமே. எங்காவது ஒரு கூடாரம் அடித்துத் தங்கிக்கொள்வேன்.'

நஸ்ருதீன் அதை நாலு தரம் படித்தார். இருபதாம் நம்பர் நூல் என்று எழுதினால் இருபதாம் நம்பரைத்தான் அனுப்ப வேண்டும். எழுத்துப்படி நடப்பதுதான் தொழில். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் அவரிடம் இருந்தது. அதே ஏலத்துக் கூடாரம் ஒன்றையும் தேடிப் பிடித்தார். அமராவதி நகர் தாண்டி, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேறித் தடம் முடிகிற மலையடிவாரத்தில் இடமும் பார்த்துவிட்டார். கூடாரம், கட்டில், அடுப்பு, அண்டா எல்லாம் ஏற்ற ஒரு டிரெய்லர்தான் பாக்கி. மேடு ஏறும்போது ஜீப்புக்கே மூச்சு வாங்கும் என்பதால் டிரெய்லர் கனமில்லாமல் இருக்க வேண்டும்.

கந்தவேல் ஏழு பட்டையில் நாலை உருவினார். காலியாக ஓட்டியபோது ஒரு முட்டைகூட உடையவில்லை. சாமானை ஏற்றியதும் வண்டி அப்படியே குந்திவிட்டது. டயர் பலகையில் தேய்ந்து ரப்பர் வாசம் வந்தது.

"பலகைதானுங்க கனம். தகரம் அடிச்சுருவோம்."

தகரம் அடித்தார்கள். கனம் குறைந்தது, சத்தம் கூடியது. தாராபுரம் ரோட்டில் வெள்ளோட்டம் விட்டபோது எதிரே வந்த மாட்டுவண்டி மிரண்டு சோளக்காட்டுக்குள் இறங்கிவிட்டது.

"ஏனுங்க, தேர் இழுத்துட்டுப் போறீங்களா?" என்று வண்டிக்காரர் வயலுக்குள் இருந்தே மரியாதையாகக் கேட்டார்.

அன்று சாயங்காலம் இரண்டாம் கடிதம் வந்தது. 'டிரெய்லர் செய்வதாக எழுதியிருந்தீர்கள். எனக்காக அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? முதுகு வேறு சில நாளாகப் பிடித்துக்கொள்கிறது.'

நஸ்ருதீன் கடிதத்தோடு பட்டறைக்கு ஓடினார்.

"கந்தவேலு, டிரெய்லர் பெருசுங்கறாரு. பாதியா அறுங்க. முதுகுவலியுமாம். ஸ்பிரிங்கு இன்னும் மெத்துனு வேணுமுங்க."

"இதைவிட மெத்துனுன்னா பழைய காரு ஸ்பிரிங்குதான் போடோணும். போட்டா ஆடுமுங்க."

"ஆடுனா ஆடட்டும். குதிக்கக் கூடாது."

ஆடியது. திருப்பத்தில் டிரெய்லர் ஒரு பக்கமும் ஜீப் ஒரு பக்கமும் போகப் பார்த்தன. வெள்ளிக்கிழமை ஒரு தந்தி வந்தது. 'கூடாரம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை.'

மனிதர் எவ்வளவு பெருந்தன்மை என்று நஸ்ருதீனுக்குக் கண் கலங்கியது. உடனே பதில் தந்தி கொடுத்தார்: 'கூடாரம் தயார்.'

சனிக்கிழமை மதியம் ஈஸ்வரமூர்த்தி காரில் வந்து இறங்கினார். காரைக் கம்பெனியில் நிறுத்திவிட்டு அவருடைய டிரைவர் மணியனும் படுக்கையோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார். மேனேஜர் கம்பெனியைப் பார்த்தார்; அடுத்த சந்தில் இருந்த நஸ்ருதீனின் வீட்டைப் பார்த்தார்; பிறகு டிரெய்லரைப் பார்த்தார்.

இட்டேறியில் நஸ்ருதீனின் ஒரு கண் பாதையிலும் மறு கண் பின்னால் ஆடுகிற டிரெய்லரிலும் இருந்தது.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"இதா, வந்தாச்சுங்க. முதுகு எப்படியிருக்குங்க?"

"இருக்குதுங்க."

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் மெதுவாகக் கேட்டார். "இங்கெல்லாம் யானை வருமுங்களா?"

"கண்டிப்பா வருமுங்க. அதுக்காகத்தானுங்க இந்த இடமே புடிச்சேன்."

அந்தப் பெருமையில் ஒரு பள்ளத்தைக் கவனிக்கவில்லை. ஜீப் தாண்டிவிட்டது. டிரெய்லர் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, யோசித்தது, பிறகு கொக்கியைக் கழற்றிக்கொண்டு தனியாக ஓடைக்குள் இறங்கியது. அண்டா மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் உருண்டது.

நஸ்ருதீன் ஸ்டியரிங்கை விடவில்லை. எட்டு மிஷின்களும் ஓடைக்குள் போனது போலிருந்தது.

"பத்து நிமிசமுங்க. கூடாரத்தை எடுத்து, இங்கயே இந்த மரத்தடியில அடிச்சுருவேன். கிழியலீங்க."

ஈஸ்வரமூர்த்தி மரத்தைப் பார்த்தார். அதன் பட்டை ஆள் உயரத்துக்கு மேல் எதுவோ உரசி உரிந்திருந்தது.

"அந்த ஒதுக்கீட்டுத் தாள் கையில இருக்குதுங்களா?"

நஸ்ருதீன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தார். மேனேஜர் தாளை ஜீப்பின் பானட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கேட்டது பத்துக் கட்டு நூல். அதை அடித்து, இருபது என்று எழுதினார்.

"அவசர வேலை ஒண்ணு வந்துருச்சுங்க. வெளிச்சம் இருக்கறப்பவே திரும்பிரலாம்."

தந்தி, தபால் எதுவும் எட்டாத அந்தக் காட்டில் அவசர வேலை எந்த வழியாக வந்தது என்று நஸ்ருதீனுக்கு விளங்கவில்லை. மேனேஜர் அதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நஸ்ருதீன் ஓடைக்கரையில் நின்ற மணியனிடம் போய், "ஐயாவுக்கு மனசு நொந்துருச்சுங்களா? எழுதுனது எழுதுனபடிதானுங்க பண்ணினேன்," என்றார்.

மணியன் அண்டாவை நிமிர்த்தியபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பத்து வருசமா எல்லாக் கம்பெனிக்கும் இதே லெட்டருதானுங்க எழுதறாரு பாய், 'கூடாரமெல்லாம் எதுக்குங்க, நம்ம ஊட்டுலயே வந்து தங்கிக்கங்க'ன்னு பதில் எழுதாத ஒரே ஆளு நீங்கதானுங்க."