நாற்பது மணி நேரப் பசுமை

ஒரு காட்டில், ஏரிக்கரை ஈச்சமரத்தின் ஓலை நுனியில், அழகேசன் என்ற தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் படபடப்போடு தொங்கிக்கொண்டிருந்தான். அவன் குலத்தில் ஆண் பாதி கட்டுவான், பெண் வந்து பார்ப்பாள். அவளுக்குப் பிடித்தால்தான் மீதிக் கூடு, கல்யாணம், முட்டை எல்லாம்.

செங்கமலம் வந்தாள். கூட்டில் பின்னியிருந்த நாரை இழுத்துப் பார்த்தாள், உள்ளே தலையை விட்டு மோந்தாள்.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு. சனிக்கிழமை மறுபடி வர்றேன். பச்சை வாடாம முடிச்சு வைங்க. பழுப்படிச்ச கூட்டுல நான் கால் வைக்க மாட்டேன். மழை வேற வரப்போகுது."

"தினமும் புது நார் வச்சுப் பின்னிடறேன். நீங்க வர்றப்போ இளநீர் மாதிரி இருக்கும் பாருங்க" என்றான் அழகேசன்.

அவள் பறந்து போன கையோடு நோட்டீஸ் வந்தது. கூடு கட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க நாற்பது மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம். பாடம், சுற்றுச்சூழலுக்கு உகந்த பசுமைக் கட்டட வடிவமைப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை, பொழுதுக்கும் வகுப்பு. வராதவர் கூடு கலைக்கப்படும். இப்படிக்கு, காட்டுக் கட்டட மன்றம்.

அழகேசன் மன்றத்துக்கு ஓடினான். வரிசையில் அவனுக்கு முன்னால் மூன்றே பேர்தான். ஆனால் கவுன்ட்டரில் இருந்தது ஆமை. அவன் முறை வருவதற்குள் உச்சிவெயில் சாய்ந்துவிட்டது.

"ஐயா, எங்க பரம்பரையே புல்லும் ஈரமண்ணும் வச்சுத்தான் கட்டுது. சிமென்ட்டைக் கண்ணால பார்த்ததில்ல. எனக்கெதுக்குங்க பசுமை வகுப்பு?"

ஆமை நிதானமாகத் தலையை வெளியே நீட்டியது. "சான்றிதழ் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப அது பசுமை இல்ல தம்பி. வெறும் புல்லு."

"நீங்க இந்த வகுப்புக்குப் போனீங்களா?"

"நான் வீட்டோடயே ஆபீஸ் வர்றவன். போக்குவரத்துப் புகையே கிடையாது. எனக்கு விலக்கு" என்று சொல்லிவிட்டு ஆமை வீட்டுக்குள் போனது. அதாவது, தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை ஆலமரத்தடியில் வகுப்பு. காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் அலகுரேகை வைக்க வேண்டும். மெஷினில் அலகை அழுத்தினால் 'டிங்' என்று பச்சை விளக்கு எரியும். இடையில் நழுவினால் எட்டு மணி நேரமும் போச்சு.

பாடம் எடுத்தவர் பேராசிரியை கோகிலவாணி. குயில். குரலைக் கேட்டால் தூக்கமும் வரும், மரியாதையும் வரும்.

"கூட்டுக்குள் வெளிச்சத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

அழகேசன் துள்ளி எழுந்தான். "ஈரமண்ணை உருட்டி ஒட்டி, அதுல மின்மினியைப் பதிப்போம் மேடம்!"

"தவறு. மின்மினியிடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கினீர்களா? உட்காருங்கள்."

பக்கத்தில் இருந்த காக்கை வெள்ளைத்தாயி அவன் விலாவில் இடித்தாள். முள்ளும் கம்பியும் உடைந்த சீப்பும் சேர்த்துக் கட்டுவதில் கைதேர்ந்தவள். "வாயை மூடிட்டு நோட்ஸ் எடு தம்பி. நானே மூணு முட்டையைத் தனியா விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்."

"அக்கா, மேடம் இதுவரைக்கும் எத்தனை கூடு கட்டியிருக்காங்க?"

"சீ, அதெல்லாம் கேட்கக் கூடாது. அவங்க தியரி."

பேராசிரியையின் காதில் இது விழுந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "நல்ல கேள்வி. நான் ஒரு கூடுகூடக் கட்டியதில்லை. ஏனென்றால் உலகத்திலேயே பசுமையான கட்டடம், ஏற்கனவே இருக்கும் கட்டடம். எழுதிக்கொள்ளுங்கள்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அடிக்கோடும் போட்டார்கள்.

டீ இடைவேளையில் பேராசிரியை "களப்பணி" என்று சொல்லிவிட்டு எங்கோ பறந்தார். திரும்பி வந்தபோது உடம்பு இளைத்து, முகம் தெளிந்திருந்தது. மறுநாளும் அப்படியே.

அழகேசனுக்கு உடம்பு வகுப்பிலும் உயிர் ஈச்சமரத்திலும் கிடந்தது. புதன்கிழமை ஈரக்காற்று அடித்தது. வியாழக்கிழமை இயற்கைக் காற்றோட்டம் பற்றிப் பாடம். காற்றில் ஊசலாடியபடியே முட்டைக்குள் இருந்து வந்தவன் அதைக் காற்றே இல்லாத மூலையில் உட்கார்ந்து கேட்டான். வெள்ளிக்கிழமை கடைசி 'டிங்' அடித்ததும், சான்றிதழைக் கவ்விக்கொண்டு பறந்தான்.

கூடு காய்ந்து, பழைய துடைப்பம் மாதிரி தொங்கியது.

சனிக்கிழமை சொன்ன சொல் தவறாமல் செங்கமலம் வந்துவிட்டாள். ஒரே பார்வைதான்.

"என்னங்க இது, பழுத்துப் போச்சு?"

"இல்ல... இது பசுமைக் கூடு. இதோ பாருங்க, முத்திரை போட்டுக் குடுத்திருக்காங்க."

"இந்தக் காகிதத்துல முட்டை வச்சா நிக்குமா?"

"நிக்காது" என்று ஒப்புக்கொண்டான் அழகேசன்.

"அடுத்த மாசம் வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் பச்சைக்கூடு இல்லன்னா, அக்கரையில ஆளிருக்கு."

அவன் நேரே பேராசிரியையிடம் போய் நின்றான். அவன் வாயைத் திறக்குமுன் வெள்ளைத்தாயி மூச்சிரைக்கப் பறந்து வந்தாள்.

"மேடம், எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல! வகுப்புக்கு வர்றப்போ மூணு முட்டை. இப்ப அஞ்சு! கல்வின்னா இதுதான் மேடம்!"

"வாழ்த்துகள். நன்றாக அடைகாக்க வேண்டும், என்ன?" என்றார் கோகிலவாணி, பாசத்தோடு.

காக்கை போனதும் அழகேசன் பேராசிரியையைப் பார்த்தான். பேராசிரியை அழகேசனைப் பார்த்தார்.

"மேடம், இந்த வகுப்பெடுக்க என்ன தகுதி வேணும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நாற்பது மணி நேரச் சான்றிதழ். உங்களிடம்தான் இருக்கிறதே."

அடுத்த மாதம் மழை தொடங்குவதற்கு முந்தின திங்கட்கிழமை, அழகேசன் மேடம் உட்கார்ந்த அதே கிளையில் உட்கார்ந்தான். எதிரே பன்னிரண்டு இளம் தூக்கணாங்குருவிகள். எல்லோரும் பின்னிய கூட்டை அப்படியே விட்டுவிட்டு, அலகில் புல்வாசத்தோடு வந்திருந்தார்கள்.

"எல்லாரும் அலகுரேகை வச்சாச்சா? நல்லது. யாரும் நடுவுல எழுந்து போகக் கூடாது. நான் மட்டும் களப்பணிக்குப் போயிட்டு வர்றேன்."

ஏரிக்கரையில், யாரோ அன்று காலைதான் கட்டி முடித்த ஒரு கூட்டுக்குள் செங்கமலம் தலையை விட்டு மோந்தாள்.

"அட, இளநீர் மாதிரி இருக்குங்க! எப்படிங்க இவ்வளவு பச்சையா?"

"படிப்பு" என்றான் அழகேசன்.

நீதி: வீடு வேண்டுமென்றால் கட்டக் கற்றுக்கொள்ளாதே, கற்றுக்கொடு.