தும்புத்தடியார் வென்ற கோப்பைகள்

ஒஸ்லோவில் துப்புரவு வேலைக்குப் போய்த் தும்புத்தடி பிடித்துப் பிழைத்த தமிழர்கள் எத்தனையோ பேர். தும்புத்தடி பிடித்துக் கோப்பை வாங்கியவர் ஒரேயொருவர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் தும்புத்தடியார். நாயன்மார் வரிசையில் ஓரமாகச் சேர்த்துவிடலாம் போன்ற பெயர்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தார். பகலில் தபால் பிரிக்கிற வேலை. மாலையில் கேர்லிங். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் பனிக்கட்டித் தரையில் பெரிய கருங்கல் ஒன்றைத் தள்ளிவிடுவார். இரண்டு பேர் கல்லுக்கு முன்னால் ஓடி ஓடித் தடியால் தரையைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் கூடத் தூரம் போகும். எட்டக் கீறியிருக்கும் வட்டத்துக்குள் போய் நின்றால் புள்ளி. இதற்கெல்லாம் ஆட்கள் கைதட்டுவார்கள் என்று நானும் முதலில் நம்பவில்லை.

வேலையிடத்து அணியில் ஒருவன் கால் முறிந்து கிடக்க, சும்மா ஆள் கணக்குக்கு இவரைக் கூட்டிப்போனார்கள். போனவர் போனவர்தான். வேலைத்தலங்களுக்கு இடையிலான கோப்பை வருடா வருடம் அந்த அணிக்கே வரத் தொடங்கியது. அவர் தேய்த்தால் கல் நாய்க்குட்டி மாதிரிப் பின்னால் வரும்.

தடியோடு பஸ் ஏறுவதுதான் சங்கடம். உள்ளே தமிழ்ப் பெடியன் யாராவது இருப்பான்.

"என்னண்ணை, பின்னேர வேலையும் எடுத்திட்டியளோ?"

"இல்லைத் தம்பி, விளையாடப் போறன்."

"எங்கடை இடத்திலையும் ஆள் தேடுகினம். வெக்கப்படாமல் சொல்லுங்கோ."

இந்த அனுதாபமெல்லாம் கோவிலில் அவர் மனைவி ராணி அக்காவின் தலையில் வந்து விடியும். கோப்பைகளைக் கண்டால் அவவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றில் அகப்பைகளைச் செருகி வைத்திருந்தா. இது போதாதென்று போட்டிகள் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்தன. ஒஸ்லோ மார்கழியில் மூன்றரைக்கே இருட்டு. நாலு மணிக்கு விளக்கு வைத்துவிடுவார்கள்.

"வெள்ளிக்கிழமை விளக்கு வைச்சாப் பிறகு கூட்டுறதோ? வீட்டிலை லட்சுமி நிப்பாவே?"

"ஐஸிலை குப்பை இல்லையப்பா."

"குப்பை இல்லாத இடத்தை என்னத்துக்குக் கூட்டுறியள்?"

இந்தக் கேள்விக்கு நோர்வே முழுவதிலும் பதில் கிடையாது.

ஒரு வருடம் தோள் மூட்டு போய்விட்டது. அந்த வருட இறுதிப் போட்டியோடு நிறுத்தச் சொன்னார் டாக்டர். தும்புத்தடியார் என்னிடம் இறங்கி வந்தார். கோப்பைக்காக இல்லை.

"அவ ஒருக்காலும் வந்து பாக்கேல்லை. இதுதான் கடைசி. நீர் ஒருக்காக் கதைச்சுப் பாருமன்."

கதைத்தேன். எனக்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் மட்டும் மண்டபத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். பாதி ஆட்டத்தில் கதவு திறந்தது. சேலைக்கு மேல் கறுத்த ஜக்கெட், காலில் பனிச் சப்பாத்து. ராணி அக்கா.

வந்து இருந்த நேரம் பார்த்து அணித்தலைவர் உலா கத்தினார்: "கூத்து! கூத்து!"

எதிராளிகளுக்கு விளங்கக் கூடாதென்று 'கூட்டு', 'விடு' என்ற இரண்டு சொற்களையும் தும்புத்தடியார் அணிக்குப் பழக்கியிருந்தார். உலாவின் நாக்கில் 'கூட்டு' அப்படித்தான் வந்தது.

ராணி அக்கா என் பக்கம் திரும்பினா. "பாத்தியளே, வெள்ளையளுக்கே விளங்கியிருக்கு."

ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. அந்த மனிதர் வலிக்கிற தோளோடு குனிந்து தேய்த்த வேகத்தைப் பார்த்து, "மெல்ல, மெல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தா.

கடைசிக் கல். வட்டத்துக்குள் நின்றால் வெற்றி. தேய்த்துக்கொண்டே வந்தவர் ஒரு கணம் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். கல் வட்டத்துக்குள் போய் நின்றது. உலா துள்ளினார். மண்டபமே கைதட்டியது.

தும்புத்தடியார் கையை உயர்த்தினார். தன் தடி கல்லில் பட்டுவிட்டதாம். ஓடுகிற கல்லில் தடி பட்டால் பட்டவரே சொல்லவேண்டும் என்பது அந்த விளையாட்டின் வழக்கம். கல்லை எடுத்துவிட்டார்கள். கோப்பை மற்ற அணிக்குப் போனது. உலா வந்து அவர் முதுகைத் தட்டினார்.

ராணி அக்காவுக்குத்தான் ஆறவில்லை. வெளியே வந்த மனிதரை மறித்துக்கொண்டா.

"ஒருத்தரும் காணேல்லையே. பிறகேன் சொன்னனீங்கள்?"

"நீர் பாத்துக்கொண்டெல்லே இருந்தனீர்."

அக்கா ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தா. திரும்பவும் கீழே இறக்கினா. பிறகு சொன்னா:

"சரி, வாங்கோ வீட்டை. விளக்கு இன்னும் வைக்கேல்லை. நீங்கள் கூட்டி முடிஞ்சாப் பிறகு வைப்பமெண்டு விட்டிட்டு வந்தனான்."

அவர் கோப்பையோடு வந்த நாட்கள் பல எனக்கு நினைவிருக்கின்றன. வெறுங்கையோடு அக்காவின் பின்னால் நடந்துபோன அந்த மனிதர்தான் எனக்கு மிகவும் பிடித்த சாம்பியன்.