வழி உன்னுடையதுதான், அக்கா

மந்தைவெளி,
ஞாயிறு மாலை

நங்கநல்லூரில் இருக்கும் சுப்புலக்ஷ்மி அக்காவுக்கு, தம்பி ராகவேந்திரன் நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே நானும் ஸ்ரீரஞ்சனியும் க்ஷேமம், என் இடது முழங்கை நீங்கலாக. உன் க்ஷேமத்தை ஃபோனில் கேட்டால் "எனக்கென்ன, நன்னாத்தான் இருக்கேன்" என்கிறாய். நானும் அதற்கு மேல் கேட்பதில்லை. ஃபோனில் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கிறேன்.

முதலில் முழங்கை. ரிட்டையரானதிலிருந்து நான் வீட்டில் குறுக்கே நிற்பதாக ஸ்ரீரஞ்சனி புகார் சொல்ல, எங்கள் பெண் ஷ்ரேயா அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே என்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஆளுக்கொரு குட்டிப் படகு. சொல்லிக்கொடுப்பவர் பட்டினப்பாக்கத்து அஜித்குமார். அவருடைய முதல் பாடமே யார் யாருக்கு வழிவிடுவது என்பதுதான். இரண்டு படகு நேருக்கு நேர் வந்தால், காற்றை வலப்பக்கம் வாங்குகிற படகுக்கு வழி. இடப்பக்கம் வாங்குகிறது ஒதுங்க வேண்டும். வயசு, பதவி, ஊர்ப் பெரியவர் என்பதெல்லாம் அங்கே செல்லாது. நோட்டில் எழுதியே வைத்துக்கொண்டேன். இன்று காலை எதிரே, என்னோடு வகுப்பில் சேர்ந்த அடையாறு முத்துகிருஷ்ணன் வந்தார், எழுபத்து நாலு வயசு, ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர். காற்று எனக்கு வலப்பக்கம், வழி எனக்கு, அவர் ஒழுங்காக என் பின்பக்கம் போகத் திரும்பினார். எனக்கோ பெரியவரை ஒதுங்கவைத்துவிட்டு நாம் நிமிர்ந்து போவதா என்று கை கூசிவிட்டது. நானும் திரும்பினேன், அவர் திரும்பிய பக்கமே. மோதி, என் முழங்கை அவர் படகு விளிம்பில் இடிபட, இரண்டு பேரும் தண்ணீரில். மிதந்துகொண்டே, "நீங்க முதல்ல ஏறுங்கோ" என்று நானும், "பரவால்ல சார், நீங்க ஏறுங்க" என்று அவரும் உபசாரம் செய்துகொண்டிருந்தோம்.

அஜித்குமார் கோபிக்கவில்லை. "இன்னா சார் இது? வழி உங்க்ளுதுன்னா நேரா போய்க்கினே இருக்கணும். நீங்க எங்க போறீங்கன்னு தெரிஞ்சாதானே அவரு ஒதுங்குவாரு? ரெண்டு பேரும் மருவாத குட்தா ரெண்டு பேரும் தண்ணிலதான்" என்றார்.

பஸ்ஸில் ஈர வேட்டியோடு வரும்போது உன் நினைவுதான். அத்திம்பேர் போய் இரண்டு வருஷமாகிறது. அன்றைக்கே ஸ்ரீரஞ்சனி இங்கே உனக்காக முன்னறையை ஒழித்துவைத்தாள். நான் உன்னிடம், "உனக்கு எது இஷ்டமோ" என்றேன். நீ, "உங்களுக்கு எது சௌகரியமோ" என்றாய். இந்த இரண்டு வருஷமும் நீ அங்கே ஒருத்தி, அந்த அறை இங்கே காலி. அக்கா, உன்னைத் தனியாக விட்டுவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இங்கே வந்துவிடு. சௌகரியம் கேட்காதே. இந்த வீட்டுக்கு வர வழி உன்னுடையது, நீ நேரே வா, ஒதுங்கிக்கொள்வது எங்கள் வேலை.

உங்கள் நங்கநல்லூர் ஆஞ்சநேயரிடம் என் முழங்கைக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உன் ஆசீர்வாதத்தையும் அனுப்பிவை.

உன் தம்பி,
ராகவேந்திரன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நீயே ஃபோன் செய்தாய். "லெட்டர் எழுதிண்டிருக்கியாமே, ஸ்ரீரஞ்சனி சொன்னா, என்னடா விஷயம்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல அக்கா, சும்மாதான்" என்றேன். "சரி, வெச்சுடட்டுமா?" என்றாய். "சரி" என்றேன். நீ வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கடைசியில் என் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துதான் பேச்சு நின்றது.