கொர்னேலியஸ் மாட்டிய சிவப்பு போர்டு

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதையும் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்று கொர்னேலியஸ் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, இட்லி சாப்பிடும்போது. இரண்டாயிரமாவது வருஷம், டிசம்பர் மாசம். பாதி இட்லி தட்டிலேயே நின்றுவிட்டது. முடிவு நிற்கவில்லை.

"லூயிசா, உங்க அண்ணன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வாங்கினாரு இல்ல?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"கம்பெனி பேர் போட்டது. டப்பாவைத் திறக்கக்கூட அவருக்குத் தெரியாது. நான் பூட்டப்போறேன். நட்டு நட்டா. பாதி விலையில."

"எதை?"

"கம்ப்யூட்டரை!"

லூயிசா அவர் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

கொர்னேலியஸும் சும்மா ஆள் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஃபாக்டரியில் புல்டோசர் பூட்டுகிறவர். அவர் முடுக்கிய போல்ட்டைக் கழற்ற இரண்டு ஆளும் ஒரு கெட்ட வார்த்தையும் வேண்டும் என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். மலையைத் தள்ளுகிற வண்டியையே பூட்டியவனுக்கு, மேசைமேல் உட்கார்ந்திருக்கிற பொட்டி எம்மாத்திரம்?

வியாழக்கிழமை லீவு போட்டார். தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் முதல் ரயிலைப் பிடித்தார். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஏழு கம்ப்யூட்டர் கடை ஏறி இறங்கி, எட்டாவது கடையில் பேரம் படிந்தது. கடைக்காரர் நல்ல மனுஷர். எல்லாவற்றையும் அங்கேயே பூட்டி, விண்டோஸ் ஏற்றி, ஓட்டியும் காட்டினார். அருமையாக ஓடியது.

"சரி, இப்ப எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார் கொர்னேலியஸ்.

"ஏன் சார்? நல்லாத்தானே ஓடுது?"

"பூட்டினதை எடுத்துனு போனா அது வாங்கினது. நான் பூட்டினாத்தான் அது பண்ணினது."

கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "மெதுவா சார். இதெல்லாம் பூ மாதிரி. கொஞ்சம் அமுக்கினா உடைஞ்சுடும்."

அந்த ஒரு வார்த்தைதான் கொர்னேலியஸைக் கவிழ்த்தது.

மானிட்டர் பழசு. ஏதோ பஸ் டிக்கெட் ஆபீஸில் வருஷக்கணக்காக எரிந்தது. பயணியின் பெயர், இருக்கை எண் என்று கட்டம் கட்டமாக அதன் முகத்தில் தழும்பே விழுந்திருந்தது. அணைத்து வைத்தாலும் தெரியும்.

வீடு லூயிசாவின் அப்பா மைன்ஸில் வேலை செய்தபோது கிடைத்தது; தொழிலாளர் வரிசையில் ஒரு லைன் வீடு. இரண்டே அறை. மேசை என்று ஒன்று கிடையாது. லூயிசாவின் தையல் மிஷின் இருந்தது. கொர்னேலியஸ் அதன் தலையை உள்ளே மடக்கிவிட்டு, மேலே கம்ப்யூட்டர் சாமான்களைப் பரப்பிவிட்டார்.

"இன்னாங்க இது! கிறிஸ்மஸுக்குப் பத்து ரவிக்கைக்கு ஹூக்குதான் பாக்கி, அப்பால இன்னும் துணி கீது. நான் எதுல தைக்கறது?"

"மூணே நாளு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் லைன் ஜனத்தையெல்லாம் கூப்ட்டு ஓட்டிக் காட்டறேன். அப்பால உன் அளவு நோட்டு இருக்குது பாரு, யாருக்கு இன்னா இடுப்பு, இன்னா தோளு, அல்லாத்தையும் இதுக்குள்ள ஏத்திடலாம்."

"ஓடலைன்னா?"

"என்னைப் பார்த்தா கேக்கற?"

"உங்களைப் பார்த்துதாங்க கேக்கறேன்."

கொர்னேலியஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போது அவள் கையில் ஒரு ரவிக்கை இருந்தது. ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். தையலிலேயே அவளுக்குப் பிடிக்காத வேலை அது. அவர் கண் அதில் விழுந்தது.

"ஓடலைன்னா, உன் பத்து ரவிக்கைக்கும் நான் ஹூக் வெக்கறேன். வாசல்ல உக்காந்து. அல்லாரும் பாக்க."

"நீங்களே பூட்டி நீங்களே ஓட்டணும். வேற கை பட்டா செல்லாது."

"வேற கையா? எவன் கை படும்னு பாக்கறேன்!"

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு தகரப் பலகையோடு வந்தார். சிவப்பு பெயின்ட். 'ஆள் வேலை செய்கிறார். கை வைக்காதே.' அதன் கீழே சாக்பீஸால் எழுத இடம். அதில் 'கொர்னேலியஸ், டோக்கன் நம்பர் 4417' என்று எழுதி, மானிட்டரின் கழுத்தில் மாட்டினார்.

"இது ஃபாக்டரி சட்டம், தெரிஞ்சுக்கோ. ரிப்பேர்ல இருக்கற மிஷினுக்கு இந்த போர்டை மாட்டிட்டா ஒருத்தனும் தொடக்கூடாது. யாரு மாட்டினாங்களோ அவங்கதான் கழட்டணும். ஜி.எம். வந்தாலும் கை வெக்க முடியாது."

"ஜி.எம். வந்தாலுமா?"

"ஜி.எம். வந்தாலும்!"

"நல்ல சட்டமா கீதே" என்றாள் லூயிசா. அவள் அதை எவ்வளவு அக்கறையாக மனசில் எழுதி வைத்துக்கொண்டாள் என்பதை அவர் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

வேலையை ஆரம்பித்தார். புல்டோசர் முடுக்குகிற அந்தக் கை, கடைக்காரர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஒவ்வொரு சாமானையும் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தார். எதையும் அமுக்கவில்லை. ஃபேனுக்கு மட்டும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் கிரீஸ் வைத்தார். கிரீஸ் வைக்காத மிஷினை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. திரை இருட்டு.

பீப். பீப். பீப்.

அணைத்தார். போட்டார். பீப். பீப். பீப்.

பக்கத்து வீட்டு பர்னபாஸ் எட்டிப் பார்த்தார். நந்திதுர்க் மைனில் வைண்டிங் எஞ்சின் ஓட்டி ரிடையர் ஆனவர். பூமிக்குள் ஆள் இறங்குகிற கூண்டை, அதாவது கேஜை, மணிச் சத்தம் கேட்டே ஏற்றி இறக்கியவர். எங்கே சத்தம் கேட்டாலும் எண்ணாமல் விடமாட்டார்.

"கொர்னேலியஸ், மூணு பெல்லுபா!"

"பெல்லு இல்லண்ணே. ரிவர்ஸ் ஹார்ன். வண்டி பின்னால போறப்ப அடிக்குமே, அது. எங்கேயோ வயரைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

"வயரும் இல்ல, ஒண்ணியும் இல்ல. எங்க ஷாஃப்ட்ல மூணு பெல்லுன்னா ஆளு கேஜ்ல ஏறப்போறான்னு அர்த்தம். அடுத்த பெல்லுக்குக் காத்துனு கீது. அவசரப்படாதே."

"கம்ப்யூட்டர்ல எவண்ணே ஏறுவான்?"

"அதை நீதான் சொல்லணும். பூட்டினது நீ."

இருவரும் ஒரு மணிநேரம் அடுத்த பெல்லுக்காகக் காத்திருந்தார்கள். பெல் வரவில்லை. காபி வந்தது. பர்னபாஸ் குடித்துவிட்டுப் போய்விட்டார். கொர்னேலியஸ் முன்பக்க வயர்களையெல்லாம் கழற்றித் திருப்பிச் செருகினார். சுவிட்சைப் போட்டால் மறுபடியும் பீப். கடைக்காரருக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. ஆனால் பூட்டத் தெரியவில்லை என்று எஸ்.பி. ரோடு வரைக்கும் போய்ச் சேருமே! மனுஷர் போன் பூத் பக்கமே தலைவைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் லூயிசா கையில் அளவு டேப்போடு வந்து நின்றாள்.

"நாளைக்கு ஜனம் வருது. இது இப்படிப் புழுதியில நின்னா நல்லாவா கீது? பூப்போட்ட துணி மிச்சம் கீது. ஒரு கவர் தெச்சுடறேன். கையாலதான் தைக்கணும், என் மிஷின்தான் படுத்துனு கீதே. அளவு எடுக்கணும். போர்டைக் கழட்டுங்க."

"நீயே கழட்டிக்கோயேன்."

"ஐயய்யோ! மாட்டினவங்கதான் கழட்டணும். ஜி.எம். வந்தாலும்..."

கொர்னேலியஸுக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. ஃபாக்டரியில் சூப்பர்வைசருக்கே இந்த ஒழுங்கு இல்லை. போர்டைத் தன் கையால் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, குளிக்கப் போனார். குளித்துவிட்டு வரும்போது கம்ப்யூட்டருக்கு நீலப்பூ கவர் ஏறிவிட்டிருந்தது. மறுபடி திறந்து பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் கொர்னேலியஸ் வைத்த மன்றாட்டு ஒன்றே ஒன்றுதான்: இன்று கரென்ட் போக வேண்டும்.

போகவில்லை. டிசம்பர் பிறந்ததிலிருந்து தினமும் போன கரென்ட் அன்றைக்கு மட்டும் கம்பீரமாக நின்றது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. பர்னபாஸ் நாற்காலியை முன்னாலேயே போட்டுக்கொண்டார். ரவிக்கை கொடுத்திருந்த ஞானசுந்தரி டீச்சர், ரவிக்கையையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருந்தாள். லூயிசா மூலையில் பத்து ரவிக்கையையும் அடுக்கி, மேலே ஹூக் டப்பாவை வைத்திருந்தாள். அது கொர்னேலியஸ் கண்ணில் பட்டது. படவேண்டும் என்றே வைத்தது.

கவரை எடுத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

பீப்.

ஒன்றே ஒன்று. அப்புறம் சத்தமே இல்லை.

"ஒரு பெல்லுபா!" என்று பர்னபாஸ் கத்தினார். "கேஜ் நின்னுடுச்சு!"

கேஜ் நிற்கவில்லை. திரை வெளுத்தது. மேகம் வந்தது. விண்டோஸ் வந்தது. பழைய தழும்பும் கூடவே வந்தது. ஜனம் கை தட்டியது. அங்கே எல்லாரையும்விட அதிகமாக அசந்துபோனவர் கொர்னேலியஸ்தான்.

"எப்படிபா பண்ணின?"

அவருக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. "கைப்பழக்கம்ணே" என்றார். "ரெண்டு வயரைத் திருப்பினேன். அப்பால, கிரீஸ்."

"பயணி பேரு, சீட்டு நம்பர்னு என்னமோ கீதே? எனக்கு சன்னலோரம் போட்டுடு" என்றார் பர்னபாஸ். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் தன் பெயரை அடித்துக் காட்டச் சொன்னாள். கொர்னேலியஸ் ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினார். பெயர் பாதி வருவதற்குள் டீச்சருக்கு வீட்டில் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

ஜனம் கலைந்ததும் கொர்னேலியஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "பார்த்தியா? ஓடுச்சா? ஜெயிச்சது யாரு?"

"நேத்து அளவு எடுக்கறப்ப பார்த்தேங்க" என்றாள் லூயிசா, ரவிக்கையை மடித்துக்கொண்டே. "நீங்க இன்னும் மூடியைப் பூட்டல. உள்ள பச்சையா ஒரு பட்டை, ஒரு பக்கம் மட்டும் தூக்கினு நின்னுச்சு. பிரஸ் பட்டன் சரியா மாட்டலைன்னா ரவிக்கை அப்படித்தான் நிக்கும். கட்டைவிரலால ஒரு அமுக்கு. டக்குனு உக்காந்துச்சு."

"நீ... கை வெச்சியா?"

"போர்டு இல்லீங்களே. நீங்கதானே கழட்டிக் குடுத்தீங்க."

கொர்னேலியஸுக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது: வேற கை பட்டா செல்லாது. இத்தனை ஜனத்துக்கு முன்னால் கைத்தட்டலையும் வாங்கி ஆயிற்று.

"வெளிய சொல்லிடுவியா லூயிசா?"

"சே, நான் ஏன் சொல்றேன்? லைன்ல அல்லாரும் உங்களைத்தான் புகழ்ந்துனு போறாங்க. எனக்கு அது பெருமை இல்லியா? நீங்க பாட்டுக்கு ஹூக்கு வைங்க. போதும்."

அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். அது அவருக்கும் தெரிந்தது. கம்ப்யூட்டரை அவரே தூக்கி டிரங்குப் பெட்டிமேல் வைத்தார். தையல் மிஷின் தலையை நிமிர்த்தியது. டிரங்குக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய சாய்வு நாற்காலி வாசலுக்குப் போனது. கூடவே அவரும் போனார்.

பர்னபாஸ் அந்தப் பக்கமாக வந்தார். "இன்னாபா, கம்ப்யூட்டர் பூட்டின கையில ஊசி?"

"விரலுக்கு எக்ஸர்சைஸ்ணே."

மூன்றாவது ரவிக்கையின் கடைசி ஹூக்கில் ஊசி கட்டைவிரலில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் ஊசிக்காக, கொஞ்சம் லூயிசாவுக்காக. இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று நினைத்துக்கொண்டார். போதும், கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் சீட்டு ஆடிவிட்டு மீதியை வைக்கலாம், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று எழுந்து உள்ளே போனார்.

உள்ளே மழை பெய்கிற மாதிரி கீபோர்டு சத்தம். கல்யாணத்துக்கு முன்னால் லூயிசா டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியவள். சர்டிஃபிகேட் இருபது வருஷமாகத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழேதான் தொங்குகிறது. கொர்னேலியஸ் தினம் அதற்கு நேராக நின்றுதான் தலை சீவுகிறார். பக்கத்தில் அளவு நோட்டு விரிந்திருந்தது. பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன.

மானிட்டரின் கழுத்தில் சிவப்பு போர்டு. 'ஆள் வேலை செய்கிறார். கை வைக்காதே.' கீழே சாக்பீஸில், 'லூயிசா.' டோக்கன் நம்பருக்குப் பதில் ரேஷன் கார்டு நம்பர்.

"லூயிசா, ஒரே ஒரு ஆட்டம்..."

"ஜி.எம். வந்தாலும்," என்றாள் அவள் திரும்பாமலே, "இன்னும் ஏழு ரவிக்கை கீது."