அரை சென்டிமீட்டர் சம்பந்தம்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், இடுப்பு சம்மதிக்கவில்லை. நீ நலமாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்தவனைக் கடலில் தள்ளிவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது? அத்தானுக்கு என் வணக்கம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அத்தான் நடுவில் சிரிப்பார், நான் பாதியில் வைத்துவிடுவேன். இது முழுதாகச் சொல்லியாக வேண்டிய கதை.

என் மகளுக்கு நீ கொண்டுவந்த வரனைப் பற்றி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னாய். பதில் இதுதான்: வேண்டாம். இதற்கு முன் மூன்று பேரை நான் தட்டிக் கழித்ததையே நீ இன்னும் சொல்லிக் காட்டுகிறாய். காரணம் இல்லாமலா கழித்தேன்? முதல் ஆள் ஐந்தடி எட்டங்குலம் என்றான். நம் வீட்டு நிலைப்படியில் நிற்க வைத்துக் கோடு போட்டேன், ஒரு அங்குலம் குறைந்தது. இரண்டாவது ஆள் வயதில் பதினோரு மாதத்தை விழுங்கியிருந்தான். மூன்றாவது ஆள் வீடு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை என்றான். நானே நடந்து பார்த்தேன், பத்தொன்பது நிமிடம். எடை அளவு ஆய்வாளனாக முப்பத்து மூன்று வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசைத் தட்டிப் பார்த்துப் படிக்கல்லுக்கு முத்திரை குத்தியவன் நான். அளவு சொன்னால் அளவு இருக்க வேண்டும். நீயோ, "இவனையும் வேணாம்னு சொன்னேன்னா உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், அவளுக்கு முப்பத்தொண்ணு முடியப் போகுது" என்று ஒரே போடாகப் போட்டாய். அவளைக் கேட்டால், காபி தம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, அப்பா சரி என்றால் சரி என்கிறாள். இந்த நாலாவது ஆளை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கையெழுத்துப் போடும் முன் சரக்கைப் பார்த்துவிடலாம் என்று உன் பேச்சைக் கேட்டு இரண்டு நாள் அவனோடு கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கச் சம்மதித்தேன். சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஆளின் லட்சணத்தைச் சொல்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வாரத்தில் ஐந்து நாள் ஊராரை மேலும் கீழும் ஏற்றி இறக்குகிறவன், மிச்சம் இரண்டு நாள் அலைமேல் தன்னையே ஏற்றி இறக்கிக்கொள்கிறான். கேட்டால் கயாக் மீன்பிடியாம். கயாக் என்றால் ஏதோ படகு என்று நினைத்துவிடாதே. நீ குளியலறையில் வைத்திருக்கிறாயே, குழந்தைகளைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி, அதை இழுத்து நீட்டி ஆரஞ்சு வண்ணம் அடித்தால் கயாக். சனிக்கிழமை விடிவதற்குள் அதைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். வந்ததும் "மாமா" என்று ஆரம்பித்தான். இன்னும் ஆகவில்லை என்றேன். அன்றிலிருந்து "சார்". நான் புறப்படும்போது மகள் என் சட்டைப் பையில் கையை விட்டு என் ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டாள். அங்கேயுமா அளக்கப் போகிறீர்கள் என்றாள். முப்பத்து மூன்று வருஷம் இடது பையில் இருந்த டேப். அது இல்லாமல் ஒரு பக்கம் இலேசாகத்தான் போனேன்.

கூடாரம் என்பது ஒரு பைக்குள்ளிருந்து வந்தது. துணியும் குச்சியுமாக அவன் பரப்பியபோதே காற்று பிடித்துக்கொண்டது. அறைகிற ஆணிகளைக் காரில் விட்டுவிட்டானாம். எடுத்து வரும் வரைக்கும் உள்ளே போய் உட்காரச் சொன்னான், கூடாரம் பறக்காமல் இருக்க! அக்கா, ஊரில் இருந்த படிக்கல்லுக்கெல்லாம் முத்திரை குத்தியவனை அவன் படிக்கல்லாக உட்கார வைத்தான். அதையும் செய்தேன், யாருக்காக, என் பெண்ணுக்காக. அவன் அந்தப் பக்கம் போனதும் காற்று இந்தப் பக்கம் வந்தது. நான் எழுபத்தோரு கிலோ, சந்தேகம் வேண்டாம், போன மாதம்தான் நிறுத்தேன். எழுபத்தோரு கிலோவும் பத்தவில்லை. கூடாரம் என்னையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கடலைப் பார்க்கக் கிளம்பியது. வழி என்று ஒரு ஜிப் இருந்தது, அதுவும் மண் ஏறி இறுகிக்கொண்டது. பக்கத்துக் கூடாரத்துக் குடும்பம் ஓடி வந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்து நிறுத்தியது. அந்த வீட்டு அம்மாள் ஜிப்பைத் திறந்து என்னைப் பார்த்து, "உள்ள ஆள் இருக்காருங்க" என்று கணவரிடம் சொன்னாள். என் வாழ்நாளில் நான் கேட்ட அவமானமான வாக்கியம் அதுதான்.

சாப்பாடு ரொட்டியும் அவித்த முட்டையும். முட்டைக்கு உப்பு வேண்டாம், மணலே போதும். கழிவறை அரை கிலோமீட்டராம், அவன் சொன்னது. காலடி வைத்து எண்ணினேன், சரியாகத்தான் இருந்தது; ஆனால் வேண்டுகிற நேரத்தில் அரை கிலோமீட்டர் என்பது என்ன தூரம் என்று அறுபத்து மூன்று வயதில்தான் தெரியும். படுக்கை என்று ஒரு காற்றடித்த மெத்தை கொடுத்தான், என் கீழே அது முனகியது, நான் அதன் மேலே முனகினேன்.

சாயங்காலம் கயாக்கில் ஏற்றினான். கழுத்து வரைக்கும் ஒரு மிதவைச் சட்டை மாட்டிவிட்டான், குனிந்தால் காலைப் பார்க்க முடியாது. முன்னால் நான், பின்னால் அவன். துடுப்பு போடச் சொன்னான், போட்டேன். நான் வலது பக்கம் போட்டால் அவனும் வலது பக்கம் போட வேண்டும், அது சாதாரண அறிவு. என்னைப் பார்த்துப் போடுவது அவன் வேலையா, அவனைப் பார்த்துப் போடுவது என் வேலையா? எனக்குப் பின்னால் கண் இல்லையே! கால் மணி நேரம் ஒரே மிதவையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அதற்காவது அவன் கோபப்பட்டிருக்கலாம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடிங்க சார், தொப்பி போடுங்க சார், அவ்வளவுதான் பேச்சு. சம்பளம் கேட்டேன், சொன்னான். குடிப்பழக்கம் கேட்டேன், இல்லை என்றான். கோபம் வருமா என்று கேட்டேன், வரும் என்றான். இப்படி மூன்று எழுத்தில் பதில் சொல்கிறவனிடம் மனுஷன் என்னத்தைக் குறுக்கு விசாரணை பண்ணுவது? திரும்பி அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம் என்று எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாதாம். அதை நான் தண்ணீருக்குள் போன பிறகுதான் சொன்னான். கையையும் காலையும் அடித்து, உங்கள் எல்லோர் பேரையும் ஒரு முறை சொல்லி, உன் பேரை மட்டும் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் படகிலிருந்து மெதுவாக, "நில்லுங்க சார், இடுப்பளவு தண்ணிதான்" என்றான். நின்றேன். இடுப்பளவுதான். தொப்பி மட்டும் ஆழ்கடலுக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் மன்னித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததைத்தான் மன்னிக்க முடியாது. மறுபடியும் போனோம். நாலு மணி நேரம் வெயிலில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மணி நேரத்தில் என் காலரையே பிடித்தேன். பிறகு, அக்கா, தூண்டில் நரம்பு ஒரு இழுப்பு இழுத்தது பார். விட்டேனா? சுற்றினேன், சுற்றினேன், கை போய்விடும் போல இருந்தது, ஒரு கொடுவா மீன் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. நான் பிடித்தது! பிறந்ததிலிருந்து ஒரு ஈயைக்கூட அடித்துப் பழக்கமில்லாதவன். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் பெண் முன்னால் வைத்து, பார்த்தாயா அப்பாவை என்று கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம்கூடத் தயார். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு அளவுப் பலகையை எடுத்தான், மீனைப் படுக்க வைத்தான், மூக்கை ஒட்டினான், வாலைச் சேர்த்தான். முப்பத்து நாலரை. கரையில் அறிவிப்புப் பலகை இருக்கிறதாம், முப்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டுமாம். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "அளவு வரல சார்" என்றான். அவ்வளவுதான், தண்ணீரில் விட்டுவிட்டான். அது ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. மாமனார் ஆகப் போகிறவர், பசித்த வயிறு, முதல் மீன் என்று ஒரு தாட்சண்யம் வேண்டாமா? கையில் வந்த மீனையே காப்பாற்றத் தெரியாதவன் குடும்பத்தை என்ன காப்பாற்றுவான்? திரும்பி வரும் வழி முழுக்க நான் அவனோடு பேசவில்லை. அவனுக்கு அது வித்தியாசமாகவே தெரிந்திருக்காது.

ஆகவே வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடு. என் மேல் பழி போட்டுக்கொள், பழக்கம்தானே. அத்தானின் மூட்டு வலி நீங்கட்டும். உன் பேரன் பேத்திகளுக்கு என் ஆசிகள். அவர்களில் எவரும் எந்தக் காலத்திலும் துடுப்பைத் தொடாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
காதில் இன்னும் மணல் உள்ள
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன், பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். ஈரத் துணியைக் காயப்போட என் பையைக் கொட்டினேன், அவனுடைய அளவுப் பலகை உள்ளே கிடந்தது, அவசரத்தில் என் பையில் போட்டுவிட்டிருக்கிறான். பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தூண்டில் கடையில் விற்கிற பலகை, எவன் முத்திரை குத்தினான்? அரை சென்டிமீட்டர் தப்பு இருந்தால் என் மீன் நியாயமான மீன், அவன் பொய்யன், கதை முடிந்தது. டேப்பைத் தேடினேன். மகள் ஒன்றும் கேட்காமல் தன் அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று முறை அளந்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாவது முறையும் அளந்தேன். "என்னப்பா, தேறிட்டாரா?" என்றாள். பலகை தேறிவிட்டது என்றேன். ஒரு மயிரிழை பிசகவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், அத்தானிடம் சொல்லாதே. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன் என்று மேலே எழுதினேன் இல்லையா, நான் சொன்னது இதுதான்: "அரை சென்டிமீட்டர்தானேப்பா, யாரு பாக்கப் போறா?" முப்பத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு கடைக்காரனும் என்னிடம் சொன்ன வார்த்தை. அதைச் சொன்ன ஒருவனையும் நான் விட்டதில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது அக்கா.

மேலே உள்ள பக்கங்களைப் படிக்காதே. படித்துவிட்டாயென்றால் கிழித்துப் போடு. சரி என்று சொல்லிவிடு. என்னை இனிமேல் சார் என்று கூப்பிட வேண்டாம் என்றும் சொல். நாள் எப்போது வேண்டுமானாலும் பார், வருகிற சனி ஞாயிறு மட்டும் வேண்டாம். நானும் மாப்பிள்ளையும் ஊரில் இருக்க மாட்டோம். அந்த மீன் அதற்குள் அரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும்.