‘வேணும்’ என்பதை விஷமாக்கிய போன்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
22.6.2008

அன்பு மைத்துனன் சிரஞ்சீவி அறிவுச்செல்வனுக்கு, மாமா ஏகாம்பரம் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா கஸ்தூரியின் முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் சுகம். சிங்கப்பூரில் நீ முழங்கால் உள்பட சுகமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கம்பெனி புதிதாகச் செய்திருக்கும் போனை எனக்கு அனுப்பி, “மாமா, நீங்க சர்வேயரா இருந்தவரு, எதையும் அளந்து பாத்துதான் பேசுவீங்க. இதோட அமைப்பு, வசதி எல்லாம் எப்படி இருக்குதுன்னு ஒளிக்காம எழுதுங்க, எங்க மேனேஜருக்குக் காட்டணும்” என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். காட்டுவதா வேண்டாமா என்பதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்துகொள்.

முதலில் அமைப்பு. கறுப்பு நிறம், பின்பக்கம் வழவழப்பு, சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒருபக்கமாக இழுக்கிறது. மேல் பாதி கண்ணாடி, கீழ்ப் பாதி முழுவதும் எழுத்துப் பொத்தான். அங்கேதான் எனக்குக் கோபம். வேங்கிக்காலில் இப்போது புதுசு புதுசாக மனை போடுகிறார்களே, அவர்கள்கூட வீட்டுக்கு வீடு கொஞ்சம் இடம் விடுகிறார்கள். உங்கள் ஆட்கள் ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு நூல்கூட விடவில்லை. என் கட்டைவிரலை வைத்தால் மூன்று எழுத்து ஆக்கிரமிப்பில் போகிறது. ஏ, பி, சி என்று வரிசையாகக் குடிவைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஏ ஒரு மூலையில், பி வேறொரு தெருவில். சர்வீஸில் இருந்தபோது நான் இப்படி ஒரு லேஅவுட் போட்டுக் கொடுத்திருந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

இத்தனை எழுத்தில் தமிழ் ஒன்றுகூடக் கிடையாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டுமாம். சரி என்று, கடைவீதியிலிருந்து உன் அக்காவின் போனுக்கு ‘பால் வாங்கட்டுமா’ என்று அடித்து அனுப்பினேன். அவள் அதைப் ‘பல் வாங்கட்டுமா’ என்று படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், “எனக்கு எல்லாம் கெட்டியாத்தான் இருக்குது, உங்களுக்குத்தான் முன்னால ரெண்டு கம்மி, போய் வாங்கிக் கட்டிக்கங்க” என்றாள். பாலும் வரவில்லை, அன்றைக்குக் காபியும் இல்லை. இதோடு விட்டிருந்தால் நான் உன்னை மன்னித்திருப்பேன்.

அடுத்து, வசதி. நாம் எழுதுவதைத் தானே திருத்திக் கொடுக்கும் என்று நீ பெருமையாகச் சொன்னாயே, அந்த வசதி. நம் மதிவதனியைப் பெண் பார்க்க இதுவரை வந்தவர்களையெல்லாம் அவள் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தது உனக்குத் தெரியும். ஒருத்தன் ஜாஸ்தி பேசுகிறான், இன்னொருத்தன் பேசவே இல்லை. போன வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிலாக்கொட்டை மண்டி வைத்திருக்கும் சகாதேவன் தன் மகன் ஆதவனோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். பையன் தனியார் காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். அவர்கள் போனபின் மதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இவரு பரவால்லப்பா” என்றாள். பரவாயில்லை என்றால் என்னம்மா அர்த்தம் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “வேணும்பா” என்றாள். அறிவு, என் பெண் வாயைத் திறந்து ஒருத்தனை வேணும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பௌர்ணமியன்று மத்தியானம் சகாதேவன் எஸ்.எம்.எஸ். போட்டிருந்தார். ‘எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு. எங்க பையன் உங்களுக்கு வேணுமா, வேணாமா? இன்னொரு இடத்துல காத்துனு இருக்காங்க. மண்டியில மிஷின் சத்தம், போன் பண்ணாதீங்க, எழுதி அனுப்புங்க.’ உனக்கும் அபிப்பிராயம் எழுதினாற்போல் ஆச்சு என்று இந்தப் போனிலேயே பதில் அடித்தேன். ஒரே வார்த்தைதான், ‘வேணும்’. வி, ஈ, என், யு, எம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடித்து அனுப்பிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரமும் ஏற்றினேன். உங்கள் போன் சும்மா இருந்ததா? யு எழுத்தைத் தூக்கிவிட்டு அங்கே ஓ எழுத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறது.

மண்டியில் நடந்ததை அவர்களே பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன். சகாதேவன் அதை ‘வேணாம்’ என்று படித்தாராம். அவர் கணக்குப்பிள்ளை ‘வேணும்’தான் என்று அடித்துச் சொன்னாராம். யு இருந்தால் வேணும், ஏ இருந்தால் வேணாம், ஓ இருந்தால் என்னவென்று மூட்டை தூக்குகிறவர்கள் வரைக்கும் கூடி நின்று வாதாடியிருக்கிறார்கள். கடைசியில் ஆதவன் வந்து வாங்கிப் பார்த்து முகம் வெளுத்துப்போய், “அப்பா, இது வெனம். இங்கிலீஷ்ல விஷம்னு அர்த்தம்” என்றிருக்கிறான்.

அவ்வளவுதான். பெண்ணுக்கு இஷ்டமில்லை, அப்பன்காரன் கட்டாயப்படுத்துகிறான், பிள்ளை விஷத்தைக் கையில் எடுத்துவிட்டது, எப்படியோ போனைப் பிடித்து ஒரு வார்த்தை அனுப்பியிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு கட்டி, வேனில் ஆளேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இங்கே நானும் உன் அக்காவும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். வேன் வந்து நிற்கிறது, பெண்கள் எல்லாம் அழுதுகொண்டே இறங்குகிறார்கள், சகாதேவன் என் கையைப் பிடித்து, “இன்னா சார் இது, புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போவக்கூடாதா, பொண்ணு எங்க சார்?” என்கிறார். அந்தச் சமயம் பார்த்து மதி உள்ளேயிருந்து வருகிறாள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மரத்திலிருந்து உதிர்ந்த நாவப்பழத்தைக் கொடுத்துவிட்டிருந்தாள். பெண்ணுக்கு நாக்கு, உதடு, பல் எல்லாம் கருநீலம்.

வந்தவர்கள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஆதவன் ஓடிவந்து மதியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிவிட்டான். கல்யாணம் நிச்சயம் ஆகவில்லை, தட்டு மாற்றவில்லை, தெரு பார்க்கக் கையைப் பிடித்தாயிற்று. ஆனால் ஆட்டோ எங்கே போகும்? கிரிவலத்துக்கு வந்த பஸ்களெல்லாம் ரோட்டை அடைத்து நின்றன. நகராத ஆட்டோவில் நடந்ததை ஆட்டோக்காரர் வந்து சொன்னார். பையன் அழாத குறையாக, “இன்னாங்க சாப்ட்டீங்க, எவ்ளோ சாப்ட்டீங்க?” என்று கேட்டிருக்கிறான். மதி கைக்குட்டையைப் பிரித்துக் காட்டி, “நாவப்பழங்க. உங்களுக்கு வேணுமா?” என்றாளாம். அவன் அதைப் பார்த்துவிட்டு, “வேணும்” என்றானாம்.

திரும்பி வந்து இறங்கும்போது இரண்டு பேருக்கும் நாக்கு நீலம். சகாதேவன் தன் மகனின் வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் போனைக் காட்டி விளக்கினேன். உன் அக்கா சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினாள், அங்கேயிருந்தும் சத்தம் வெளியே வந்துவிட்டது. “இன்னா சார், பதறிக்கினு ஓடியாந்தவனைப் பாத்தா சிரிப்பா இருக்குதா? யோசிச்சுச் சொல்றேன்” என்று எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மதி ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் காத்துக்காக என்கிறாள், காத்தே இல்லை. என் பெண் கேட்ட ஒரே ஒரு வார்த்தையை உன் போன் கெடுத்துவிட்டது என்று எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே என் அபிப்பிராயம்: விளக்கு வெளிச்சம் நன்று, கரண்ட் போனால் உதவும். மற்றபடி இது தமிழ்க் குடும்பங்களுக்கு ஆகாத போன். கேட்காமல் திருத்துகிற அந்த வேலையை உடனே நிறுத்தச் சொல். ஜவுளிக்கடை ஜானி பாஷா பாயின் மகன் ஜீஷான் நாளை சிங்கப்பூர் வருகிறான். அவனிடம் போனைக் கொடுத்தனுப்புகிறேன், வாங்கிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. எங்கள் இருவரின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் மாமா
அ. ஏகாம்பரம்

பின்குறிப்பு: ஜீஷானிடம் கொடுக்கலாமென்று போனைத் துணியில் சுற்றும்போது மணி அடித்தது. ஆதவன் அனுப்பியிருக்கிறான்: ‘அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடிக்கிறேன். எங்க வீட்ல எல்லாருக்கும் வெனம்.’ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், இதிலும் யு இருக்க வேண்டிய இடத்தில் ஓ. மதி எட்டிப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனவள்தான், இன்னும் கதவு திறக்கவில்லை. உன் அக்கா பாயசத்துக்குப் பால் வைத்துவிட்டாள். மேலே எழுதியதை மேனேஜருக்குக் காட்ட வேண்டாம். போன் நல்ல போன், திருத்துகிற வேலையை நிறுத்தவும் வேண்டாம். ஆவணியில் முகூர்த்தம், லீவுக்கு எழுதிப் போடு, வரும்போது சம்பந்திக்கும் இதேபோல் ஒன்று வாங்கி வா. ஜீஷானிடம் போனுக்குப் பதிலாக நாவப்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பயப்படாமல் சாப்பிடு.